லயத்து மேட்டை வெட்டாமல் காய்கறி போடுவோம்

(மண்சரிவுக்குப் பின் வீடு திரும்பும் குடும்பங்களிடம் ஹட்டனில் பேசியது)



வீடு திரும்பியதும் நாலு போஞ்சிக் கொடியும் கொஞ்சம் லீக்ஸும் வைக்கத்தான் கை பரபரக்கும். நல்ல காரியம். ஆனால் மண் வேண்டுமென்று லயத்துக்குப் பின்னாலுள்ள மேட்டைத் தோண்டாதீர்கள். அடியை வெட்டினால் மேலுள்ள மண்ணுக்குப் பிடிமானம் போய்விடும். அடுத்த பெருமழைக்கு அது வீட்டுக்குள் வரும்.

சதுப்பிலுள்ள கறுப்பு மண்ணையும் விட்டுவிடுங்கள். செடிகொடிகள் தண்ணீருக்குள் கிடந்து அரைகுறையாக மக்கி உண்டாகும் மண் அது, பீட் என்பார்கள். ஒரு மில்லிமீற்றர் சேரவே ஏறக்குறைய ஒரு வருடம் பிடிக்கும். மழைநீரைப் பிடித்துவைத்து ஓடைக்கு மெதுவாக விடுவதும் அதுதான்.

அதற்குப் பதில் தும்புத்தூள் இருக்கிறது. குருநாகல், புத்தளம், கம்பஹா பக்கம் தேங்காய் மட்டையிலிருந்து தும்பு எடுக்கும்போது மிஞ்சுவது. வெளிநாட்டுத் தோட்டக்காரர்கள் பீட்டை விட்டுவிட்டு நம் நாட்டுத் தும்புத்தூளைக் கப்பலில் வரவழைக்கிறார்கள். நமக்கு அது மலைக்குக் கீழேயே கிடைக்கிறது! கட்டியாக வாங்கினால் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று தடவை அலசிப் பிழியுங்கள். அலசாவிட்டால் அதிலுள்ள உப்பு நாற்றைக் கருக்கிவிடும்.

தும்புத்தூள் ஈரத்தைப் பிடிக்குமே தவிர, செடிக்குச் சாப்பாடு போடாது. அதனால் இரண்டு கூடை தும்புத்தூளுக்கு ஒரு கூடை கூட்டெரு, ஒரு கூடை மண் என்று கலந்து பழைய உரப்பையில் நிரப்புங்கள். மண்ணைச் சமமான இடத்திலிருந்து எடுங்கள். சரிந்து வந்த செம்மண் வேண்டாம். அதில் சத்து குறைவு, காய்ந்தால் இறுகிவிடும். தேயிலை மண் புளிப்பு மண். தேயிலைக்கு அது பிடிக்கும், போஞ்சிக்குப் பிடிக்காது. பைக்கு ஒரு கைப்பிடி டொலமைட் போட்டு இரண்டு கிழமை கழித்து நடுங்கள்.

கூட்டெருவுக்குக் காட்டுச் சூரியகாந்தி இலை, மாட்டுச் சாணி, சமையல் கழிவு போதும். இந்தக் குளிரில் மக்க மூன்று நான்கு மாதம் ஆகலாம். மழை இறங்காமல் பொலித்தீனால் மூடுங்கள். பச்சைச் சாணியை நேராகப் பையில் போட்டால் வேர் வெந்துபோகும். பச்சை மரத்தூளும் ஆகாது. மக்கும்போது செடிக்குரிய தழைச்சத்தை அதுவே இழுத்துக்கொள்ளும்.

பைகளை மேட்டின் விளிம்பில் வரிசையாக வைக்காதீர்கள். நனைந்தால் கனம். கானை மறிக்கவும் வேண்டாம். தண்ணீர் வேறு வழி தேடி லயத்துப் பக்கமே வரும். மேட்டில் புதிதாக வெடிப்போ கலங்கல் ஊற்றோ தெரிந்தால் பையை விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு வெளியே வாருங்கள். பிறகு கிராம சேவகரிடம் சொல்லுங்கள்.