யாரைக் கேட்டு எழுதிய வரலாறு?
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகம் இருக்கிறது. அங்கே டேவிட் ரூபன்ஸ்டைன் என்ற செல்வந்தர், நாடாளுமன்ற உறுப்பினர்கள் முன்னிலையில் வரலாற்று அறிஞர்களிடம் கேள்வி கேட்டார். மார்ட்டின் லூதர் கிங்கைப் பற்றி டெய்லர் பிராஞ்ச் பதில் சொன்னார். அந்த உரையாடல்கள் 2019இல் நூலாயின. சட்டம் செய்கிறவர்கள் வரலாறு கேட்பது நல்லதே!

ஆனால் அந்த அறிஞர்கள் யாரைக் கேட்டு எழுதுவது?

அதே நூலகத்தில் இன்னொரு உரையாடலும் இருக்கிறது. 1936 முதல் 1938 வரை, அரசு சம்பளம் கொடுத்து அனுப்பியவர்கள் 17 மாநிலங்களில் முன்னாள் அடிமைகளின் வாசலுக்குப் போனார்கள். அடிமைமுறை ஒழிந்தது 1865இல். பேசியவர்களோ எழுபதைத் தாண்டியவர்கள். 2,300க்கும் மேற்பட்ட வாக்குமூலங்கள்! கேட்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். அதனால் பலர் அஞ்சிப் பாதியை விழுங்கினார்கள். அறிஞர்களும் நெடுங்காலம் அவற்றை ஒதுக்கினார்கள். 1972இல் ஜார்ஜ் ராவிக் அச்சிடத் தொடங்கிய பிறகே, முதலாளியின் கணக்கேட்டுக்கு எதிரான அந்தச் சாட்சியம் பலர் கைக்கும் கிட்டியது.

தோழர்களே! ஊரைவிட்டு ரயிலேறி வந்த கதை நம் வீட்டு முதியவர்களிடம் இருக்கிறது. நம்மிடம் அவர்கள் அஞ்சாமல் பேசுவார்கள். கேளுங்கள், எழுதி வையுங்கள்!