போபாலை ஆண்ட பேகங்கள்



முஸ்லிம் மாதர் திரைக்குள்ளேயே வாழ்ந்தவர் என்று எண்ணியே நம்மிற் பலர் இப்போபால் நகருக்கு மாற்றலாகி வந்தோம். நாம் அன்றாடம் நடக்கும் வீதிகளே அவ்வெண்ணத்தை மறுக்கின்றன.

1819-இல் நவாப் நசர் முகம்மது துப்பாக்கிக் குண்டுபட்டு இறந்தார். அவருடைய இளம் மனைவி குத்சியா பேகம், கைக்குழந்தையான மகள் சிக்கந்தரின் பெயரால் ஆட்சியை ஏற்றார்; முகத்திரையையும் பின்னர் விலக்கினார். சிக்கந்தரோ, கணவரே வாள்கொண்டு தாக்க, உயிர் பிழைத்தவர். அத்தகையவர் நாடாண்டார், 1863-இல் மக்கா யாத்திரை புறப்பட்டார், அதனை நூலாகவும் எழுதினார். அவர் மகள் ஷாஜஹான் பேகம் தொடங்கியதே தாஜுல் மசாஜித்.

நம்மை மிகவும் வியப்பில் ஆழ்த்துபவர் நான்காமவரான சுல்தான் ஜஹான் பேகம். பாட்டியார் களைந்த திரையை இவர் விரும்பி அணிந்தார். புர்கா அணிந்தே 1911-இல் இலண்டன் முடிசூட்டு விழாவிற் கலந்துகொண்டார். பெண்களுக்குப் பள்ளிகள் நிறுவினார். 1920-இல் அலிகார் பல்கலைக்கழகத்தின் முதல் வேந்தரானார். திரையை மட்டும் கண்டு ஒருத்தியின் ஆற்றலை அளப்பது எவ்வளவு பேதைமை! 1926-இல் அவர் அரியணையை மகன் ஹமீதுல்லாவுக்கு அளித்தார்.

திரையே அணியாத நம் இல்லத்தரசியரில் ஒருவரேனும் இச்சங்க நிர்வாகக் குழுவில் இதுவரை அமர்ந்ததில்லை. விழாச் சமையலுக்கு மட்டும் தவறாமல் அழைத்துவிடுகிறோம். வரும் பொதுக்குழுவில் இரண்டு இடங்களை அவர்களுக்கு ஒதுக்கும் தீர்மானத்தைக் கொண்டுவர இருக்கிறோம்; ஆதரவு தர வேண்டுகிறோம்.