வேகமும் விசையும்: சொல்லும் பொருளும்

 

ஓர் இலக்கிய அமைப்பு பத்தாண்டுகள் இடையறாது கூடுவது எளிய செயலன்று. சங்கப் பாடல்களும் காப்பியங்களும் சிறுகதைகளும் ஆய்ந்து பேசப்பெற்ற இம்மேடையில், தமிழ் பயிற்றும் ஒருத்தி பள்ளி இயற்பியலைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். இயற்பியலின் கணக்குகள் இயற்பியலார்க்கு உரியவை. அவற்றைச் சொல்லும் சொற்களோ தமிழுக்கு உரியவை. ஒரு சொல்லின் பொருள் பிழைபடும்போது தமிழாசிரியர் வாய் திறக்கத்தான் வேண்டும். வேகம் என்ற சொல்லின் பொருள் நம் சாலைகளில் நாள்தோறும் பிழைபடுகிறது. அப்பிழைக்கு நாம் உயிர்களை விலையாகக் கொடுத்து வருகிறோம். ஆகவேதான் இத்தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். அன்றாட வழக்கில் விசை, வேகம், ஆற்றல், சக்தி, வலிமை ஆகியவற்றை ஒன்றனிடத்தில் மற்றொன்றாக ஆள்கிறோம். பந்து விசையாக வந்தது என்போம். வேகமாக அடித்தான் என்போம். அது வழக்கின் உரிமை. அறிவியல் அவ்வுரிமையைத் தருவதில்லை. ஒரு பொருளின் ஓய்வு நிலையையோ இயக்க நிலையையோ மாற்றுவது, அல்லது மாற்ற முயல்வது, விசை. ஓரலகு நேரத்தில் கடக்கும் தொலைவு வேகம். அதனுடன் திசையையும் சேர்த்துச் சொன்னால் திசைவேகம். திசைவேகம் மாறும் வீதம் முடுக்கம். வேலை செய்வதற்கான தகுதி ஆற்றல். வேலை நடைபெறும் வீதம் திறன். இவற்றை நம் பிள்ளைகள் பள்ளியிலேயே கற்கின்றனர்.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இச்சொற்கள் சற்று வேறுபடும். நாம் வேகம் என்பதை அவர்கள் கதி என்பர். நாம் திசைவேகம் என்பதையே வேகம் என்பர். நம் நிலைமம் அங்கே சடத்துவம். நம் முடுக்கம் அங்கே ஆர்முடுகல்; நம் எதிர்முடுக்கம் அங்கே அமர்முடுகல். இவற்றுள் அமர்முடுகல் என்ற சொல் என்னை மிகவும் ஈர்த்தது. அமர்தலை நோக்கிய முடுகல் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். ஓடும் வண்டி நிற்பதும் ஒருவகை முடுகலே என்னும் உண்மையை அச்சொல் தனக்குள் வைத்திருக்கிறது. சாலையில் மனிதரைக் கொல்வது பெரும்பாலும் ஓட்டமன்று. அவ்வோட்டம் நின்றுபோகும் முறையே. இந்த ஒரு கருத்தை மனத்திற்கொண்டால் இனிச் சொல்லப்போவன எல்லாம் எளிதில் விளங்கும்.

நியூட்டன் 1687ஆம் ஆண்டு வெளியிட்ட தம் பெருநூலில் இயக்க விதிகள் மூன்றனை வகுத்தார். புறவிசை தாக்காத வரையில் நிற்பது நின்றுகொண்டேயிருக்கும். நேர்கோட்டில் சீராகச் செல்வது சென்றுகொண்டேயிருக்கும் என்பது முதல் விதி. நகரப் பேருந்தில் நின்றபடி பயணம் செய்த எவரும் இவ்விதியை உடலால் அறிவர். ஓட்டுநர் திடீரென்று பிரேக்கை மிதிக்கிறார், பேருந்து நிற்கிறது, நாம் முன்னிருப்பவர்மேல் சாய்கிறோம். யாரும் நம்மைத் தள்ளவில்லை. வண்டிக்கு நிறுத்தம் வந்தது; நம் உடலுக்கு வரவில்லை. வண்டி மோதும்போதும் இதுவே நிகழ்கிறது. வண்டி மரத்தில் மோதி நிற்கிறது. உள்ளிருப்பவர் பழைய வேகத்திலேயே சென்று கண்ணாடியில் மோதுகிறார். அவர் மண்டையோடு நின்ற பின்னரும் அதனுள்ளிருக்கும் மூளை முன்னோக்கிச் சென்று எலும்பில் மோதுகிறது. ஒரு விபத்து என்று நாம் எண்ணுவதில் மூன்று மோதல்கள் அடங்கியுள்ளன.

இனி ஆற்றலுக்கு வருவோம். இயங்கும் பொருளின் வலிமையை எதனால் அளப்பது என்று ஐரோப்பிய அறிஞரிடையே நெடுங்காலம் வழக்காடல் நடந்தது. நிறையை வேகத்தால் பெருக்கினால் போதும் என்றனர் ஒரு சாரார். வேகத்தின் இருமடியால் பெருக்க வேண்டும் என்றார் லைப்னிட்ஸ். ஆலந்து நாட்டு அறிஞர் ஸ்கிராவெசாண்டே பித்தளைக் குண்டுகளை வெவ்வேறு உயரங்களிலிருந்து மென்களிமண்ணில் விழச்செய்து பார்த்தார். வேகம் இரு மடங்கானபோது களிமண்ணில் விழுந்த பள்ளம் நான்கு மடங்காயிற்று. இச்சோதனையின் சிறப்பை உணர்ந்து 1740இல் வெளிவந்த தம் இயற்பியல் நூலில் எடுத்துரைத்தவர் எமிலி து சாத்தலே என்னும் பிரெஞ்சுப் பெண்மணி. நியூட்டனின் இலத்தீன் நூலைத் தம் தாய்மொழியில் பெயர்த்து அதற்கு விளக்கவுரையும் எழுதியவர் அவரே. 1749இல் அவர் மறைந்தார். அம்மொழிபெயர்ப்பு பத்தாண்டு கழித்து, 1759இல் முழுமையாக அச்சேறியது. மொழிபெயர்ப்பை இரண்டாந்தரப் பணியாகக் கருதுவோர் நம்மிடையேயும் உண்டு. மொழிபெயர்த்தவரே ஒரு பேருண்மைக்கு வழக்குரைஞராகவும் நின்ற இவ்வரலாற்றை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

பின்னாளில் இயக்க ஆற்றல் என்பது நிறையையும் வேகத்தின் இருமடியையும் பெருக்கி வந்ததில் பாதி என நிலைபெற்றது. இருமடி என்ற அச்சொல் தேர்வுத்தாளில் இரண்டு மதிப்பெண் பெறுகிறது. சாலையில் அது என்ன செய்கிறது?

மணிக்கு 36 கி.மீ. என்பது நொடிக்கு 10 மீட்டர். அவ்வேகத்தில் சுவரில் மோதுவது ஏறத்தாழ 5 மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழுவதற்கு ஒப்பாகும். மணிக்கு 72 கி.மீ. என்பது நொடிக்கு 20 மீட்டர். வேகம் இரட்டித்தது, ஆனால் விழும் உயரம் 20 மீட்டர் ஆகிவிடுகிறது. முன்னது மாடி வீட்டின் கைப்பிடிச் சுவர். பின்னது நெடிதுயர்ந்த தென்னையின் உச்சி. தென்னையின் உச்சியில் கைவிட்டு நிற்கத் துணியாத இளைஞர், அதே இடரைத் தம் இரு சக்கர வண்டியில் நாள்தோறும் விளையாட்டாக ஏற்கிறார். உயரத்தைக் கண் காண்கிறது, அச்சம் பிறக்கிறது. வேகத்தை ஒரு முள் காட்டுகிறது, அச்சம் பிறப்பதில்லை.

மற்றொரு கணக்கையும் எண்ணிப் பாருங்கள். 18 மீட்டர் முன்னால் ஒரு குழந்தை பந்தைத் துரத்திச் சாலைக்குள் ஓடி வருகிறது. கண் கண்டு கை பிரேக்கைப் பிடிக்க ஒரு நொடி ஆகும் எனவும், உலர்ந்த நல்ல சாலையில் வண்டியின் வேகம் நொடிக்கு நொடி 7 மீட்டர் வீதம் குறையும் எனவும் கொள்வோம். 36 கி.மீ. வேகத்தில் வருபவர் அந்த ஒரு நொடியில் 10 மீட்டரும், பிரேக் பிடித்த பின் 7 மீட்டரும் கடந்து, குழந்தைக்கு முன் நின்றுவிடுகிறார். 54 கி.மீ. வேகத்தில் வருபவர் பிரேக்கைப் பிடிக்கும்போதே 15 மீட்டர் கடந்துவிடுகிறார். குழந்தையை எட்டும்போது அவர் வேகம் இன்னும் 48 கி.மீ.க்குக் குறையாது. 72 கி.மீ. வேகத்தில் வருபவரோ பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே குழந்தை நின்ற இடத்தைக் கடந்திருப்பார். மூவரும் நல்லவர்கள், மூவரும் ஒரே கணத்தில் குழந்தையைக் கண்டவர்கள். வேறுபாடு முள் காட்டிய எண்ணில் மட்டுமே இருந்தது. மழைநாளில் உராய்வு குறையும்போது இத்தொலைவுகள் மேலும் நீளும்.

ஆற்றல் அழிவதில்லை, வடிவம் மாறும். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் இயக்க ஆற்றல் வெப்பமாகிறது. மலைச்சாலையில் இறங்கிய பேருந்தின் சக்கரத்தருகே தீய்ந்த வாடை வீசுவது அதனால்தான். பிரேக் ஏற்காத ஆற்றலைத் தகரம் ஏற்கும். தகரம் ஏற்காததை எலும்பு ஏற்க வேண்டும். பாதுகாப்பு என்னும் கலை முழுவதும் அந்த ஆற்றலை உடல் தாங்கும் வகையில் மெல்ல மெல்லக் கைமாற்றும் வழிகளே. கிணற்றுமேட்டிலிருந்து குதிக்கும் சிறுவன் முழங்காலை மடக்கி இறங்குகிறான். பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னுக்கு இழுக்கிறார். நிற்கும் தொலைவு நீண்டால் விசை குறையும் என்பதை அவர்கள் உடல் அறிந்திருக்கிறது.

60 கிலோ எடையுள்ள ஒருவர் காரில் மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் செல்கிறார். அவரது இயக்க ஆற்றல் 3000 ஜூல். இருக்கைப் பட்டை அவரைப் பிடித்து, வண்டியின் முகப்பும் நசுங்கிக் கொடுத்து, அரை மீட்டர் தொலைவில் நிறுத்தினால் அவர்மேல் செயற்படும் சராசரி விசை 6000 நியூட்டன். ஏறத்தாழ 600 கிலோ எடைக்கு நிகர். பட்டையின்றிச் சென்று 5 செ.மீ. தொலைவுக்குள் மோதி நின்றால் அது 60,000 நியூட்டன். ஆறு டன் எடை. மோதலில் நசுங்கும் முகப்பைக் கண்டு இக்கால வண்டிகள் வலுவற்றவை என்று குறைகூறுவோர் உண்டு. அம்முகப்பு நசுங்குவதற்கென்றே அமைக்கப்படுகிறது. தான் நசுங்கி உள்ளிருப்பவரைக் காக்கிறது. தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் மும்முனைப் பட்டையை 1959இல் வடிவமைத்தவர் சுவீடன் நாட்டுப் பொறியாளர் நீல்ஸ் போலின். அவர் பணிபுரிந்த வோல்வோ நிறுவனம் அக்காப்புரிமையைப் பிற நிறுவனங்களும் பயன்படுத்தத் திறந்துவிட்டது.

இங்குள்ள தாய்மார்க்கு ஒன்று சொல்வேன். முன்னிருக்கையில் அமர்ந்து, மடியில் 10 கிலோக் குழந்தையை அணைத்துச் செல்கிறோம். அதே 36 கி.மீ. வேகத்தில் வண்டி மோதி அரை மீட்டரில் நின்றால் அக்குழந்தையை நிறுத்தி வைக்க 100 கிலோ எடையைத் தாங்கும் பிடி வேண்டும். தாயன்பு எவ்வளவு பெரிதாயினும் கைகளுக்கு அவ்வலிமை இல்லை. மடியைவிடக் குழந்தைக்கென அமைந்த இருக்கையே அங்கே பாதுகாப்பானது.

தலைக்கவசத்தின் கதையில் இலக்கியத்திற்கும் தொடர்புண்டு. அரேபியப் பாலைவனப் போரைப் பற்றி நூல் எழுதிப் புகழ்பெற்ற ஆங்கில எழுத்தாளர் டி. ஈ. லாரன்ஸ், 1935ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் மோட்டார் சைக்கிளில் செல்கையில் விபத்துக்குள்ளானார். தலைக்கவசம் அணியாத அவர், நினைவு திரும்பாமலே ஆறு நாள்களில் மறைந்தார். அவருக்கு மருத்துவம் பார்த்தவர்களுள் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை வல்லுநரும் ஒருவர். அம்மரணம் அவரை விடவில்லை. மோட்டார் சைக்கிளோட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து, கவசம் உயிர் காப்பதை 1941இல் கட்டுரையாக வெளியிட்டார். எழுத்தாளர் ஒருவரின் இழப்பு, முகமறியாப் பலரின் தலையைக் காத்தது. இன்று நம் ஊரில் அக்கவசம் வண்டியின் பெட்ரோல் தொட்டிமேல் அமர்ந்து பயணம் செய்கிறது. காவலரைக் கண்டதும் தலைக்கு ஏறுகிறது. வாரை மாட்டாததால் மோதும் கணத்தில் கழன்று பறக்கிறது.

பாதுகாப்பு என்பது மேலைநாட்டார் கற்றுத்தந்த புதுச்சரக்கு என எண்ண வேண்டா. ஔவையார் அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடிய புறநானூற்று 102ஆம் பாட்டில் உப்பு வணிகரின் வண்டி வருகிறது. எருதுகள் இளையவை, நுகம் பழகாதவை. பாரமோ மிகுதி. பள்ளத்தில் இறங்குகையிலும் மேட்டில் ஏறுகையிலும் என்ன நேருமோ என்றெண்ணி, இருக்கும் அச்சின்கீழ் மற்றோர் அச்சையும் அவர்கள் கட்டிச்செல்கின்றனர். அதற்குச் சேம அச்சு என்று பெயர். மயிலிறகேயாயினும் அளவிறந்து ஏற்றினால் அச்சு முறியும் என்பதை வள்ளுவர் வலியறிதலில் உவமையாக்கினார். எருதின் நடைவேகத்தில் சென்ற வண்டிக்கே முன்னெச்சரிக்கை பூண்ட மரபு நம்முடையது. அவ்வுப்பு வணிகர் அஞ்சி நின்றுவிடவில்லை. பயணத்தைத் தொடர்வதற்காகவே அச்சைக் கட்டினர். தலைக்கவசமும் இருக்கைப் பட்டையும் நம் காலத்துச் சேம அச்சுகள்.

ஆயினும் நம் நிலை என்ன? மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களுள் 17,884 பேர் தமிழ்நாட்டில் இறந்தவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு தமிழ்நாடே முதலிடம். தலைக்கவசம் அணியாமல் நாடு முழுவதும் இறந்தோர் 50,029 பேர். கல்லூரியில் பணிபுரிவோர்க்கு இவை வெறும் எண்களல்ல. விடுமுறை முடிந்து வருகைப்பதிவேட்டைத் திறக்கும்போது, ஒரு பெயரை அழைக்காமல் தாண்டிச் செல்ல நேர்ந்த நாள்கள் எங்களுக்கு உண்டு. அம்மாணவர்களும் இயக்க ஆற்றலின் வாய்பாட்டைப் பிழையற எழுதித் தேறியவர்களே. சொல் தாளில் நின்றது, சாலைக்கு வரவில்லை.

அதனை வரவழைப்பது யார் பொறுப்பு? சட்டத்திற்கும் சாலை அமைப்போர்க்கும் பெரும்பங்கு உண்டு. அதை நான் மறுக்கவில்லை. மொழியைக் கையாளும் நமக்கும் ஒரு பங்குண்டு. நம் சாலையோரப் பலகைகளைப் பாருங்கள். வேகம் விவேகமன்று என்கின்றன. மிதவேகம் மிக நன்று என்கின்றன. எதுகையும் மோனையும் செவ்வனே அமைந்துள்ளன, செய்திதான் இல்லை. எது மிதம்? எவ்வளவு கூடினால் எவ்வளவு கேடு? அறவுரையை அறிந்தவனும் கடந்து செல்வான். அளவைக் கண்டவன் ஒரு கணம் தயங்குவான். இரு மடங்கு வேகம், நான்கு மடங்கு அடி என்று எழுதினால் ஆறே சொற்களில் ஒரு பாடம் முடிகிறது. 72இல் மோதுவது தென்னையிலிருந்து விழுவது என்று எழுதலாம். கல்லாதவரும் தென்னையை அறிவார்.

எனவே இவ்வட்டத்திற்கு ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன். பதினோராம் ஆண்டில் ஒரு கூட்டத்தை இதற்கென ஒதுக்குங்கள். கவிஞர்களையும் இயற்பியல் ஆசிரியர்களையும் லாரி, பேருந்து ஓட்டுநர்களையும் ஒருங்கே அமர்த்துங்கள். ஓட்டுநர் அனுபவத்தைச் சொல்லட்டும். இயற்பியலார் அளவைச் சொல்லட்டும். கவிஞர் சொல்லைத் தரட்டும். அங்ஙனம் பிறக்கும் இருபது வாசகங்களை இந்நகரின் பள்ளிகளுக்கும் பேருந்து நிலையத்திற்கும் எழுதிக் கொடுங்கள். கலைச்சொல் ஆக்கும் பணியை நம் முன்னோர் செவ்வனே முடித்துத் தந்துள்ளனர். அச்சொற்களை நூலிலிருந்து இறக்கித் தெருவில் நடமாடவிடும் பணி நம் தலைமுறைக்கு எஞ்சியிருக்கிறது. அப்பணியால் ஒரே ஒரு வீட்டில் ஒரு பிள்ளை மாலையில் நலமாகத் திரும்பினாலும், அது இவ்வட்டத்தின் பத்தாண்டுத் தொண்டுக்கு மணிமகுடமாகும்.

 கூட்டம் முடிந்து வண்டியில் திரும்புவோர் தலைக்கவசத்தின் வாரை மாட்டிக்கொண்டு புறப்படுமாறு அன்புடன் கேட்டு அமைகிறேன்.