கிளாஸ் டீச்சர் லீவு போட்டா?

அக்கா பொண்ணுக்கு டைப் 1 சர்க்கரை நோய். வர்ற ஜூன்ல புது ஸ்கூல். கிளாஸ் டீச்சர்கிட்ட அக்கா எல்லாத்தையும் விளக்கிட்டாங்க. நான் கேட்டது ஒண்ணுதான்: அந்த டீச்சர் லீவு போட்டா? ஒரே ஆளுக்குத் தெரிஞ்ச சர்வர், அந்த ஆள் இல்லாத அன்னைக்குத்தான் படுக்கும்.

அதனால ஒரே பக்கத்துல எழுதினோம். நடுக்கம், வியர்வை, திடீர்ச் சோர்வுன்னா உடனே சுகர் பார்க்கணும். 70-க்குக் கீழே இருந்தா டாக்டர் எழுதின அளவு குளுக்கோஸ். 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பார்க்கணும். தனியா எங்கேயும் அனுப்பக் கூடாது. மயங்கிட்டா வாயில எதுவும் கொடுக்காம 108-ஐக் கூப்பிடணும்.

பி.டி. சார், வேன் டிரைவர்னு எல்லாருக்கும் அந்தத் தாளைக் கொடுத்தாச்சு. ஆஸ்துமா, வலிப்புன்னாலும் இதே கேள்விதான். ஸ்கூல் திறக்கிறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.