சிறையிலிருந்த வேட்பாளர்

இன்று கானா என்று வழங்கும் மேற்கு ஆப்பிரிக்க நாட்டிற்கு 1957 வரை கோல்ட் கோஸ்ட் என்று பெயர். பொற்கரை என்பது பொருள். அந்தப் பொன் யாருக்குப் பயன்பட்டது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பிரிட்டிஷ் ஆட்சியின் கீழிருந்த அந்நாட்டில் 1951 பிப்ரவரி 8-ஆம் நாள் நிகழ்ந்த சட்டசபைத் தேர்தலைப் பற்றியே, மாணவ நேயர்களே, இப்பொழுது பேச எண்ணுகிறேன்.

இரண்டாம் உலகப் போரில் பர்மாப் போர்முனையில் பிரிட்டனுக்காகப் போரிட்டுத் திரும்பிய சிப்பாய்கள், 1948 பிப்ரவரி 28-ஆம் நாள் தங்கள் குறைகளை மனுவாக எழுதி எடுத்துக்கொண்டு, அக்கிரா நகரில் கவர்னர் மாளிகையை நோக்கி நடந்தனர். போலீஸார் சுட்டதில் மூவர் மாண்டனர். கலகம் மூண்டது. அதன் பின்னரே, நீதிபதி கூசியின் தலைமையில் ஆப்பிரிக்கர்களே அடங்கிய குழு ஒன்று புதிய அரசியலமைப்புக்கு வழி வகுத்தது.

புதிய சபையில் 84 இடங்கள். அவற்றுள் மக்களின் ஓட்டுக்கு விடப்பட்டவை 38 மட்டுமே. அவற்றிலும் நேர்முகத் தேர்தல் நடந்தது நகரங்களுக்குரிய 5 இடங்களுக்குத்தான். கிராமத்தார் முதலில் தேர்வாளர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அத்தேர்வாளர்கள் கூடி உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பார்கள். பொதுமக்களின் வேகத்தைச் சலித்தெடுக்க அமைத்த சல்லடை என்றே இதனை நான் கருதுகிறேன்.

இந்த அமைப்பை வெறும் ஏமாற்று என்று கண்டித்தவர் மக்கள் மாநாட்டுக் கட்சித் தலைவர் குவாமே நிக்ருமா. 1950 ஜனவரியில் வேலைநிறுத்தமும் பகிஷ்காரமும் நடத்தியதற்காக அவர் சிறை சென்றார். அவருக்குக் கிடைத்த மூன்றாண்டுத் தண்டனை ஒரே தண்டனையன்று. ஓராண்டு வீதம் மூன்று தண்டனைகள். ஓராண்டுக்கு மேற்படாத தண்டனை பெற்றவர் பெயர் வாக்காளர் பட்டியலில் இடம்பெறத் தடையில்லை. எந்தச் சட்டம் அவரைச் சிறையில் வைத்ததோ, அதுவே அவரை வேட்பாளராகவும் ஆக்கியது! வெளியே கட்சியை நடத்தியவர் கொம்லா பெடெமா. நிக்ருமா கழிவறைத் தாளில் எழுதிய குறிப்புகள் அவருக்கு இரகசியமாகச் சென்றன.

அக்கிராவில் பதிவான 23,122 ஓட்டுகளில் 22,780 நிக்ருமாவுக்கு விழுந்தன. அவர் கட்சி 38-இல் 34 இடங்களைப் பெற்றது. கிராமத்துச் சல்லடையால் பயனில்லாமற் போயிற்று.

இனிக் கவர்னர் ஆர்டன் கிளார்க்கின் சங்கடத்தைப் பாருங்கள். கைதியைத் தண்டனை முடியும்வரை வைத்திருக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் பெரும்பான்மைக் கட்சியின் தலைவரைப் பூட்டிவைத்துவிட்டு யாரைக்கொண்டு ஆட்சி நடத்துவது? பிப்ரவரி 12-ஆம் நாள் நிக்ருமா விடுதலையானார். மறுநாளே ஆட்சி அமைக்க அழைக்கப்பட்டார். நிதி, நீதி, பாதுகாப்பு ஆகியவை வெள்ளை அதிகாரிகளிடமே இருந்தன. ஏமாற்று என்று தாம் இகழ்ந்த அமைப்பிலேயே அவர் பதவியேற்றதைச் சிலர் சமரசம் என்றனர். மறுத்திருந்தால் மக்கள் இட்ட ஓட்டுக்கு மதிப்பில்லாமற் போயிருக்கும் என்பது என் கருத்து. 1952-இல் அவர் பிரதம மந்திரியானார். 1957 மார்ச் 6-ஆம் நாள் நாடு சுதந்திரம் பெற்றது.

இதற்குப் பிந்திய வரலாற்றையும் மறைக்கலாகாது. 1958-இல் அவருடைய அரசாங்கம் விசாரணையின்றிச் சிறைவைக்கும் சட்டத்தை இயற்றியது. 1948-இல் நிக்ருமாவுடன் கைதானவரும், 1951-இல் அதே சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவருமான ஜே. பி. டான்குவா, அச்சட்டத்தின் கீழ்ச் சிறைப்பட்டு, 1965 பிப்ரவரியில் சிறையிலேயே உயிர்நீத்தார்.