மருந்தும் மானியமும்

(விழா நாள் மாலைக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



மானியம் என்றவுடன் உரமும் பம்புசெட்டுந்தான் நம் நினைவுக்கு வரும். அமெரிக்க நாட்டில் அபின் வகைப் போதைக்கு அடிமையானவர்களைக் காப்பாற்ற அரசு தரும் மானியத்தைப் பற்றி இன்று சில வார்த்தை சொல்ல விரும்புகிறோம். குடிப்பழக்கம் எட்டிப் பார்க்காத தெரு நம் பங்கில் இல்லையாதலால், இது நமக்குத் தொலைதூரத்துக் கதையன்று.

அங்கே இந்தத் தீமை பெரும்பாலும் மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டில் தொடங்கிற்று. 1996இல் ஆக்சிகான்டின் என்னும் வலி மாத்திரை விற்பனைக்கு வந்தது. அடிமையாகும் ஆபத்து குறைவு என்று சொல்லி விற்றார்கள். முதுகுவலிக்கு விழுங்கியவர்களில் பலர் அதில்லாமல் இருக்க முடியாதவர்களானார்கள். மாத்திரை கிடைக்காதபோது சிலர் ஹெராயினுக்குப் போனார்கள். பின்னர் அதனிலும் கொடிய ஃபென்டனில் வந்தது. 2017இல் மட்டும் அபின் வகை மருந்துகளால் 47 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். மாத்திரையை விற்ற பர்டூ நிறுவனம் 2020இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

2016இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் சட்டமியற்றி, ஈராண்டுகளுக்கு ஆண்டுக்கு 50 கோடி டாலர் வீதம் மாநிலங்களுக்கு ஒதுக்கிற்று. 2018இல் தொடங்கிய அடுத்த திட்டத்தில் அது ஆண்டுக்கு ஏறக்குறைய 150 கோடியாக உயர்ந்தது. தொகை பெரிதுதான். அதைவிட நம்மைச் சிந்திக்க வைப்பது அதனோடு வந்த ஒரு நிபந்தனை: அங்கீகாரம் பெற்ற மருந்தை உட்கொள்கிறார் என்பதற்காக ஒருவரைச் சேர்க்க மறுக்கும் நிலையத்துக்கு இம்மானியத்தில் காசு கிடையாது.

இந்தச் சிகிச்சைக்குப் பயன்படும் மெத்தடோன், புப்ரநார்ஃபின் ஆகிய இரண்டும் அபின் வகையைச் சேர்ந்தவையே. மெதுவாக வேலை செய்து, ஏக்கத்தையும் உடல் நடுக்கத்தையும் அடக்கி, மனிதனை வேலைக்குப் போகவிடுகின்றன. ஆயினும், 'ஒரு போதையை விட்டு இன்னொன்றைப் பிடிக்கிறான், இது திருந்துவதாகுமா?' என்று நல்லவர்களே கேட்டார்கள். மறுவாழ்வு இல்லங்கள் சில, மருந்தை விட்டுவிட்டு வா என்று கதவடைத்தன. 'மனமிருந்தால் விட்டுவிடலாமே' என்று குடிகாரனின் மனைவியிடம் இங்கும் சொல்லக் கேட்டிருக்கிறோமல்லவா?

விளைவு என்ன? சில வாரம் எதையும் தொடாதிருந்தவனின் உடல், பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடுகிறது. சிறையிலிருந்தோ இல்லத்திலிருந்தோ வெளியே வந்து அதே அளவை எடுத்தால் மூச்சு நின்றுபோகும். பிள்ளை திருந்தி வந்தான் என்று வீட்டார் மகிழ்ந்திருக்கும் நாட்களிலேயே சாவு வருகிறது. மருந்தைத் தொடர்ந்து உட்கொள்பவர்களிடையே சாவு ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது. தினமும் ஊசி போட்டுக்கொள்ளும் சர்க்கரை நோயாளியை யாரும் திருப்பியனுப்புவதில்லை. ஆகவே அந்த நிபந்தனை முற்றிலும் நியாயம் என்பதே நம் கருத்து.

குறைகளும் உண்டு. முதலில் அபின் வகைக்கு மட்டுமே என்று வரையறுத்திருந்தார்கள். மெத்தாம்ஃபெட்டமைனுக்கு அடிமையானவனுக்கு அந்தக் கணக்கில் செலவெழுத வழியில்லை. (நோயாளி அரசாணையைப் படித்துவிட்டா நோயைத் தேடிக்கொள்வான்!) 2020இல்தான் அதையும் சேர்த்தார்கள். மானியக் காலம் முடிந்தபின் செவிலியருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்ற கவலையும் ஓயவில்லை.

எல்லா வகைப் போதை மருந்துகளாலும் 2022இல் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். 2024இல் அது ஏறக்குறைய 80 ஆயிரமாகக் குறைந்தது. இதெல்லாம் மானியத்தின் பலன் என்று சொல்லத் துணியோம். ஆனால் நலாக்சோன் என்று ஒரு மருந்து உண்டு. மூக்கில் பீச்சினால், நின்றுபோகும் மூச்சை மீட்டுத் தரும். 2023 முதல் மருத்துவர் சீட்டு இல்லாமலே கடையில் வாங்கலாம். இரண்டு குப்பி அடங்கிய பெட்டி 2023இல் ஏறக்குறைய 45 டாலருக்கு விற்றது. அந்தக் காசுக்கு வழியில்லாத தாயின் கையில் அது இலவசமாகச் சேர்வது, பல ஊர்களில் இந்த மானியத்தால்தான்.