விழுந்தவன் எழுந்து ஓடலாமா?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஃபுட்பால் என்ற பெயரால் வழங்குவது நாம் காலால் உதைத்து ஆடும் ஆட்டம் அன்று. முட்டை வடிவான பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும், அதை எறிந்து பிடிப்பதும், ஓடுகிறவனை மடக்கித் தரையில் வீழ்த்துவதுமே அங்கே முக்கியம். பக்கத்திற்கு 11 பேர். 100 கெஜ நீள மைதானத்தில், 4 முயற்சிகளுக்குள் 10 கெஜமாவது முன்னேறினால் பந்து அந்தக் கட்சியிடமே இருக்கும்; இல்லையேல் எதிர்க்கட்சிக்குப் போய்விடும். இவ்வளவு தெரிந்தால் இன்றைய பேச்சுக்குப் போதும்.

தேசிய ஃபுட்பால் லீகைச் சேர்ந்த தொழில்முறை வீரர்களும் இதை ஆடுகிறார்கள். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளும் ஆடுகிறார்கள். ஆனால் இருவருக்கும் விதிநூல் வேறு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, மிகச் சிறிய வேறுபாடு ஒன்றுதான் முதலில் என் கருத்தைக் கவர்ந்தது. பந்துடன் ஓடுகிறவன், யாரும் தீண்டாமலே, கால் இடறி விழுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி ஆட்டத்தில் அவன் முழங்கால் தரையில் பட்டவுடன் நடுவர் விசில் ஊதிவிடுவார். அந்த முயற்சி அத்துடன் முடிந்தது. தொழில்முறை ஆட்டத்திலோ எதிரி ஒருவன் வந்து தொடும்வரை பந்துக்கு உயிர் உண்டு. விழுந்தவன் எழுந்து ஓடலாம். ஓடிக் கோல் கோட்டையும் கடக்கலாம். ஆகவே எதிரிகளும் சும்மா இருக்க முடியாது. விழுந்து கிடப்பவன்மேல் பாய்ந்தாவது கை வைத்தாக வேண்டும்.

கூட்டம் ஆர்ப்பரிப்பதற்கு இரண்டாவது விதி நல்லது. பதினாறு வயதுப் பையனின் விலா எலும்புக்கு முதல் விதி நல்லது. மற்ற வேறுபாடுகளில் பலவற்றையும் இந்தக் கண்கொண்டு பார்த்தால் விளங்கும் என்பது என் எண்ணம்.

லீக் 1920-ஆம் ஆண்டில், ஓஹையோ மாநிலத்துக் கான்ட்டன் நகரில், வேறொரு பெயருடன் தோன்றியது. தொடக்கத்தில் அது கல்லூரி விதிகளையே கைக்கொண்டிருந்தது. 1932 டிசம்பரில் சிக்காகோ பேர்ஸ், போர்ட்ஸ்மத் ஸ்பார்ட்டன்ஸ் ஆகிய குழுக்களுக்கிடையே முடிவாட்டம் நடக்க இருந்தபோது, சிக்காகோவில் பனியும் குளிரும் தாங்க முடியவில்லை. ஆட்டத்தை ஓர் உள்ளரங்கத்துக்கு மாற்றினார்கள். அங்கே 80 கெஜத்துக்குத்தான் இடம் இருந்தது. பக்கச் சுவரோ ஓரக்கோட்டுக்கு வெகு அருகில். ஆகையால் ஓரத்தில் நின்ற பந்தை உள்ளே கொணர்ந்து வைத்து ஆடினார்கள். சுவருக்கு அஞ்சிச் செய்த அந்த ஏற்பாடு எல்லோருக்கும் பிடித்துவிட்டது. 1933-இல் லீக் அதனைத் தன் விதியாக ஏற்றதோடு, பந்தெறிவதற்கு இருந்த கட்டுப்பாட்டையும் தளர்த்திக் கல்லூரி வழியினின்றும் பிரிந்தது.

அந்த உட்குறிகள் இன்று பள்ளி மைதானத்திலும் உண்டு. ஆனால் 160 அடி அகலத்தில், பள்ளியில் இரு குறிகளுக்கும் இடைவெளி 53 அடி 4 அங்குலம். தொழில்முறையில் 18 அடி 6 அங்குலமே. பின்னதில் பந்து எப்போதும் நடுவையொட்டியே இருப்பதால், எறிகிறவன் எப்பக்கம் திரும்புவான் என்று எதிரிக்குத் தெரியாது. கோல் கம்பங்களின் இடைவெளியும் பள்ளியில் 23 அடி 4 அங்குலம். தொழில்முறையில் அதே 18 அடி 6 அங்குலம். எறிந்த பந்தைப் பிடிக்கிறவன் எல்லைக்குள் ஒரு கால் ஊன்றினால் பள்ளி நடுவருக்குப் போதும். லீக் இரண்டு காலையும் கேட்கிறது. பந்தைப் பிடிக்க முயல்பவனை எதிரி முறைகேடாகத் தடுத்தால், பள்ளியில் தண்டனை 15 கெஜம். தொழில்முறையில் குற்றம் நடந்த இடத்துக்கே பந்து போய்விடும். அது 40 கெஜத்துக்கு அப்பாலும் இருக்கலாம். கால் பகுதி ஒன்றுக்குப் பள்ளியில் 12 நிமிஷம், லீகில் 15. ஒரு கட்சி மிகவும் பின்தங்கிவிட்டால், பல மாநிலங்களில் பள்ளிக் கடிகாரத்தை நிறுத்தாமலே ஓடவிடுவார்கள். தோற்கும் பிள்ளைகளை விரைவில் வீட்டுக்கு அனுப்பும் இந்தக் கருணை லீகில் இல்லை!

உயிரைப் பற்றிய விதி ஒன்று உண்டு. உறுதியான தலைக்கவசமும் முகக்காப்பும் வந்த பிறகு, காக்க வந்த கவசமே ஆயுதமாயிற்று. தலையைக் குனிந்து ஈட்டிபோல் முட்டக் கற்றுக்கொண்டார்கள். 1968-ஆம் ஆண்டில் மட்டும் இந்த ஆட்டத்தில் பட்ட காயத்தால் நேரடியாக இறந்தவர்கள் 36 பேர். பெரும்பாலோர் பள்ளி மாணவர்கள். கழுத்தெலும்பு முறிந்து, வாழ்நாள் முழுதும் அசைவற்றுக் கிடந்தவர்கள் வேறு. 1976-இல் பள்ளிகளும் கல்லூரிகளும் தலையால் முதலில் மோதுவதை விலக்கின. கவசத்தின் தரமும் பயிற்சி முறையும் திருந்தின. 1990-ஆம் ஆண்டில் அத்தகைய மரணம் ஒன்றுகூட இல்லை. பின்னர் வந்த எல்லா ஆண்டுகளையும் பற்றி அவ்வாறு சொல்ல முடியாது. லீகும் கவசத்தால் முட்டுவதைச் சிறிது சிறிதாகத் தடுத்து வந்தது. ஆயினும் தலையைத் தாழ்த்தி மோதுவதை எந்த ஆட்டக்காரனுக்கும் குற்றமாக்கிய பரந்த விதியை அது 2018-இல்தான் இயற்றியது.

இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். பள்ளி விதிகள் நாடெங்கும் ஒன்றே என்று நினைத்துவிட வேண்டாம். இந்த ஆட்டத்தில் பெரும் பித்துக்கொண்ட டெக்ஸஸ் மாநிலத்தின் பள்ளிகள், கல்லூரி விதிகளையே சில மாற்றங்களுடன் பின்பற்றுகின்றன. ஆனால் அங்கும் இடறி விழுந்த பையன் எழுந்து ஓட முடியாது. முழங்கால் மண்ணைத் தொட்டால் ஆட்டம் நின்றது என்றுதான் கல்லூரி விதிநூலும் சொல்கிறது.